லேசான தலைக்காயம், தீராத தலைவலி: காரணம் எங்கே இருக்கிறது?

வேம்பு

தலைக்காயத்துக்குப் பிறகு வரும் வலியைப் பற்றிக் கொஞ்ச காலமாகப் படித்து வருகிறேன். அதில் ஒரு கணக்கு மட்டும் மனதைவிட்டு நகர மறுக்கிறது. 2008இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் தேவி நம்பியாபறம்பில் என்ற மருத்துவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டித் தொகுத்திருந்தார். லேசான தலைக்காயம் பட்டவர்களில் 75.3 சதவீதம் பேருக்கு நாள்பட்ட வலி. நடுத்தரமான அல்லது கடுமையான காயம் பட்டவர்களில் 32.1 சதவீதம்தான்.

தலைகீழாக அல்லவா இருக்கிறது? அடி எவ்வளவு பலமோ அவ்வளவு வலி என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். லேசான காயமா கடுமையானதா என்பதை மருத்துவமனையில் கிளாஸ்கோ அளவுகோலை வைத்து முடிவு செய்கிறார்கள். 1974இல் டீஸ்டேலும் ஜென்னட்டும் கொண்டுவந்தது. கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, சொன்னபடி கைகாலை அசைக்கிறாரா என்று பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் போடுவார்கள். 13 அல்லது அதற்கு மேல் என்றால் லேசானது, 8 அல்லது அதற்குக் கீழ் என்றால் கடுமையானது. அது அன்றைய நினைவு நிலையைத்தான் அளக்கிறது. வலியைப் பற்றி அதில் ஒரு கேள்விகூட இல்லை.

லேசாக அடிபட்டவருக்கு ஏன் வலி இப்படி ஒட்டிக்கொள்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணியன்

இதில் பெரிய மர்மம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கடுமையாக அடிபட்டவரில் பலருக்கு வலி இருக்கிறது என்று சொல்லும் திறனே போயிருக்கும். கேள்வித்தாளுக்குப் பதில் சொல்ல நினைவும் பேச்சும் வேண்டும். அடுத்தது, லேசாக அடிபட்டவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் தேறி அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். வலி தீராதவர்தான் திரும்பத் திரும்ப மருத்துவரிடம் வருகிறார். அங்கே உட்கார்ந்து எண்ணினால் எண்ணிக்கை உயரத்தான் செய்யும். 75 என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

நரம்பியல் மாணவன்

கணியன் சார் சொல்லும் இரண்டு காரணங்களும் சரி. ஆனால் அவை போக மிச்சம் ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். அதைச் சொல்ல வேண்டுமானால் அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

மூளைத் திசுவுக்கு வலி உணரும் நரம்பு முனைகள் கிடையாது. அதனால்தான் நோயாளி விழித்திருந்து பேசிக்கொண்டிருக்கும்போதே மூளையில் அறுவை செய்ய முடிகிறது. தலைவலி வருவது மூளையைச் சுற்றியிருக்கும் உறைகளிலிருந்தும் அவற்றின் ரத்தக்குழாய்களிலிருந்தும். அங்கே முகத்துக்கும் உணர்வு தரும் ட்ரைஜெமினல் நரம்பின் கிளைகள் பரவியிருக்கின்றன. கழுத்தின் மேல் முள்ளெலும்புகளிலிருந்து வரும் நரம்புகளும் மூளைத்தண்டின் அடியில் அதே ட்ரைஜெமினல் நரம்பு போய்ச் சேரும் செல்தொகுதியில்தான் சேர்கின்றன. தலையில் அடி விழும்போது கழுத்தும் உலுக்கப்படுகிறது அல்லவா? கழுத்தில் பட்ட அடி நெற்றியிலும் கண்ணுக்குப் பின்னாலும் வலிப்பது இந்தச் சந்திப்பால்தான்.

இது வலி கிளம்பும் இடம். அது ஏன் அடங்குவதில்லை என்பது வேறு கேள்வி.

அடி விழுந்த கணத்தில் நரம்பு செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது, நரம்புகளைத் தூண்டும் குளூட்டமேட் என்ற ரசாயனம் கட்டுப்பாடில்லாமல் சுரக்கிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. இதையெல்லாம் பழைய நிலைக்குக் கொண்டுவர செல்களுக்கு ஏகப்பட்ட ஆற்றல் தேவை. அந்த நேரம் பார்த்து மூளைக்குப் போகும் ரத்த ஓட்டமும் குறையலாம். 2001இல் ஜிசாவும் ஹோவ்டாவும் இந்தத் தொடர் நிகழ்வை விரிவாக எழுதினார்கள், இன்றும் பாடத்தில் வருவது அதுதான். கூடவே மைக்ரோக்ளியா என்ற காவல் செல்கள் கிளர்ந்து அழற்சியைத் தூண்டுகின்றன.

தொடர்ந்து வலிச் செய்தி வந்துகொண்டே இருந்தால் அதைப் பெறும் நரம்பு செல்களும் மாறிவிடுகின்றன. 1983இல் கிளிஃபோர்ட் வுல்ஃப் எலிகளின் தண்டுவடத்தில் இதைக் காட்டினார். காயம் இருக்கும் இடத்திலிருந்து செய்தி நின்ற பிறகும் தண்டுவடம் கிளர்ச்சியாகவே இருந்தது. சாதாரணத் தொடுகைகூட அப்போது வலியாகத் தெரியும். தலைக்காயத்துக்குப் பிறகு தலை வாரினாலே வலிக்கிறது என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

இப்போது என் பார்வையில் முக்கியமான இடம். மூளை வலியை வாங்கிக்கொள்வதோடு நிற்பதில்லை, அடக்கவும் செய்கிறது. நடுமூளையில் சாம்பல் நிறப் பகுதி ஒன்று இருக்கிறது. 1969இல் டேவிட் ரெனால்ட்ஸ் எலிகளில் அந்த இடத்தை மின்சாரத்தால் தூண்டிவிட்டு, மயக்க மருந்து கொடுக்காமலேயே வயிற்றைத் திறந்து அறுவை செய்தார். அங்கிருந்து இறங்கும் பாதை செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற ரசாயனங்கள் வழியாகத் தண்டுவடத்தில் வலியின் அளவைக் குறைக்கிறது. இந்தப் பாதை நடுமூளையிலும் மூளைத்தண்டிலும் ஓடித்தான் கீழே இறங்குகிறது. தலை சுழன்று நிற்கும்போது நீண்ட நரம்பிழைகள் இழுபடுவது இந்த வட்டாரத்திலும்தான்.

இதை மனிதரில் சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரு கையில் சூட்டு வலி கொடுத்து அளந்துகொள்வார்கள். பிறகு இன்னொரு கையைக் குளிர்ந்த நீரில் வைக்கச் சொல்லி மறுபடி அளப்பார்கள். நலமாக இருப்பவருக்குப் பொதுவாக முதல் வலி குறைந்து தெரியும். ஒரு வலி இன்னொன்றை அமுக்கும் என்பதை 1979இல் பாரிஸில் லெ பார் குழுவினர் எலிகளில் கண்டார்கள். டெல் அவீவில் ரூத் டெஃப்ரின் குழு, தலைக்காயத்துக்குப் பின் நாள்பட்ட தலைவலி வந்தவர்களைச் சோதித்தபோது இந்த அமுக்கும் திறன் குறைந்திருந்தது. வலியை அடக்க வேண்டிய உறுப்புக்கே அடிபட்டிருக்கிறது என்றால், காயம் ஆறிய பிறகும் வலி நிற்பதில் வியப்பில்லை.

தேனி ராஜா

நீளமாக எழுதினாலும் எனக்குப் புரிந்தது தம்பி, நன்றி.

என் மைத்துனர் பைக்கிலிருந்து விழுந்தார். ஹெல்மெட் போட்டிருந்தார். ஒரு நிமிஷம்தான் நினைவில்லை. சிடி ஸ்கேன் எடுத்துவிட்டு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். மாசக்கணக்கில் தலைவலி. வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. வீட்டில் சிலர் வேலைக்குப் போக மனமில்லாமல் சொல்கிறார் என்று காதுபடவே பேசுகிறார்கள். அவரோ கூனிக் குறுகிப் போகிறார். நீங்கள் சொல்லும் இந்தச் சேதம் எந்த ஸ்கேனிலாவது தெரியுமா? ஒரு படம் இருந்தால் வீட்டுக்காரர்களின் வாயை அடைக்கலாம்.

நரம்பியல் மாணவன்

அண்ணா, சிடி எடுப்பது ரத்தக்கசிவு இருக்கிறதா, எலும்பு உடைந்திருக்கிறதா, உடனே அறுவை வேண்டுமா என்று பார்க்க. அந்தக் கேள்விக்கு அது நல்ல பதில் தரும். நரம்பிழைகள் இழுபட்டதை அது பெரும்பாலும் காட்டாது. 1956இல் சபீனா ஸ்ட்ரிக் என்ற நோய்க்கூறு நிபுணர், கடும் தலைக்காயத்துக்குப் பின் இறந்தவர்களின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் இழைகள் பரவலாகச் சிதைந்திருந்ததைக் கண்டார். வெறும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத சேதம் அது.

அமெரிக்காவில் டிராக்-டிபிஐ என்று ஒரு பெரிய கூட்டு ஆய்வு நடக்கிறது. சிடி சரியாக இருந்த 450 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். 120 பேருக்கு அதில் காயம் தெரிந்தது, அதாவது 27 சதவீதம். 2019இல் வெளிவந்த முடிவு. அதே ஆய்வில், ரத்தத்தில் ஜிஎஃப்ஏபி என்ற புரதம் அதிகமாக இருந்தவர்களுக்கு எம்ஆர்ஐயில் காயம் தெரியும் வாய்ப்பும் அதிகமாக இருந்தது. மூளையின் துணைசெல்கள் சேதமானால் ரத்தத்துக்கு வரும் புரதம் அது.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். எம்ஆர்ஐயில் புள்ளி தெரிந்தால் வலி இருக்கும், தெரியாவிட்டால் இருக்காது என்று கிடையாது. வலியைப் படம் பிடித்துக் காட்டும் ஸ்கேன் இன்றைக்கு இல்லை. உங்கள் மைத்துனருக்கு எம்ஆர்ஐ எடுத்து அதுவும் சரியாக இருந்தால் வீட்டில் இன்னும் அதிகமாகப் பேசுவார்கள். படத்தை நம்பி வாதத்தை வைக்காதீர்கள்.

கணியன்

தம்பி கடைசிப் பத்தியில் சொன்னதை அழுத்தமாக வழிமொழிகிறேன். ராஜா, உங்கள் மைத்துனரின் வலியை நான் சந்தேகிக்கவில்லை. வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் வலிக்கிறது. நான் கேட்பது, அந்த வலிக்கு மூளைக்குள் பட்ட காயம்தான் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்வது என்பதுதான்.

லிதுவேனியாவின் கவுனாஸ் நகரில் ஒரு ஆய்வு நடந்தது. மிக்கேவிசியெனே, ஷ்ராடர் குழுவினர் 2002இலும் 2004இலும் வெளியிட்டார்கள். அங்கே அப்போது தலைக்காயத்துக்கு நஷ்டஈடு வழக்குப் போடும் பழக்கம் பரவியிருக்கவில்லை, அடிபட்டால் தலைவலி தீராது என்ற எண்ணமும் மக்களிடம் இல்லை. மூளை அதிர்ச்சி கண்டவர்களையும், தலையில் அல்லாமல் வேறு இடத்தில் சிறுகாயம் பட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருஷம் கழித்துத் தலைவலியில் இரு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

தலைவலி எவ்வளவு பொதுவான நோய் என்று யோசியுங்கள். சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டின்படி, அடிபட்டு 7 நாளுக்குள் தொடங்கினால் காயத்தால் வந்த தலைவலி. 3 மாதம் தாண்டினால் நீடித்தது. அவ்வளவுதான் வரையறை. வலியின் தன்மையில் தனி அடையாளம் ஒன்றும் கேட்கப்படவில்லை. முன்பே மைக்ரேன் என்ற ஒற்றைத் தலைவலி இருந்தவர், விபத்தின் பதற்றத்தில் தூக்கம் போனவர், எல்லோரும் இந்த ஒரே பெட்டிக்குள் விழுந்துவிடுவார்கள்.

வேம்பு

கணியன் சார், நல்ல ஆய்வைக் கொண்டுவந்தீர்கள். அதை ஒதுக்கிவிட முடியாது என்றுதான் நானும் நினைக்கிறேன். வேறு இடத்தில் அடிபட்டவர்களோடு ஒப்பிட்ட விதம் சரியானது.

ஆனால் அதே முறையில் பிறகு நடந்த பெரிய ஆய்வு வேறு திசையில் காட்டுகிறது. தம்பி சொன்ன டிராக்-டிபிஐயில் லேசான தலைக்காயம் பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, கைகால் எலும்பில் அடிபட்டவர்களோடு ஒப்பிட்டார்கள். 12 மாதம் கழித்து, அன்றாட வாழ்க்கை முன்போல் இல்லை என்றவர்கள் தலைக்காயத்தில் 53 சதவீதம், எலும்புக் காயத்தில் 38 சதவீதம். ஜாமா நியூராலஜி, 2019.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 38 என்பது சின்ன எண் அல்ல. விபத்து என்ற நிகழ்வே, எங்கே அடிபட்டாலும், மனிதரை ஒரு வருஷம் கழித்தும் விடவில்லை. அது உங்கள் வாதத்துக்குச் சாதகம். அதற்கு மேலே இருக்கும் 15 தலைக்காயத்தின் பங்கு, அது தம்பியின் வாதத்துக்கு. டிராக்-டிபிஐ பெரிய காயச் சிகிச்சை மையங்களுக்கு வந்தவர்களைத்தான் எடுத்தது. சாலையில் விழுந்து எழுந்து வீட்டுக்குப் போய்விட்டவர்கள் அதில் இல்லை. கவுனாஸில் இன்னும் லேசான காயங்கள் இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

நஷ்டஈடு விஷயத்தில் மட்டும் உங்களோடு மாறுபடுகிறேன். வழக்கு நடப்பதால் வலி நீள்கிறது என்று சொல்வது சுலபம். வலி நீண்டதால் வழக்குப் போனவரும் அந்தக் கணக்கில்தான் இருப்பார்.

பிசியோ செல்வி

இந்த விவாத இழையை முதலிலிருந்து படித்தேன். நான் பிசியோதெரபிஸ்ட். மூளையா மனமா என்ற விவாதத்தில் கழுத்து தொலைந்துபோகிறதே என்று எழுத வந்தேன். தலைக்காயத்துக்குப் பிறகு தலைவலி என்று வருபவரின் கழுத்தைத் தொட்டுப் பார்க்காமல் மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்புவதை நிறையப் பார்க்கிறேன். மேல்கழுத்தை அழுத்தினால் அதே தலைவலி கிளம்புகிறது என்றால் அதற்குச் செய்ய வேண்டிய சிகிச்சையே வேறு.

ராஜா அண்ணா, உங்கள் மைத்துனர் மாத்திரை எத்தனை நாள் போடுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் மாதிரி சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்தால் மாத்திரையே தலைவலியை நீட்டித்துவிடும். மைக்ரேனுக்கான டிரிப்டான், பல மருந்துகள் சேர்ந்த கூட்டு மாத்திரை, அபின் சார்ந்த ஓபியாய்டு வகை என்றால் 10 நாளே போதும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பல மாத்திரைகள் கூட்டு மாத்திரைகள்தான். காயத்தால் தொடங்கிய வலி எது, மாத்திரையால் தொடரும் வலி எது என்று பிறகு பிரிக்கவே முடியாமல் போகும்.

அடுத்தது ஓய்வு. இருட்டறையில் படுக்க வைத்து, போன் கூடாது, பேச்சுக் கூடாது என்று வாரக்கணக்கில் வைப்பார்கள். நல்லெண்ணத்தில் செய்வது, ஆனால் பலன் எதிர்மாறு. 2015இல் வந்த ஒரு ஆய்வில் இளவயதினரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு தரப்புக்கு 5 நாள் கண்டிப்பான ஓய்வு, மற்றவருக்கு ஓரிரு நாள். அதிக நாள் ஓய்வெடுத்தவர்கள் சீக்கிரம் தேறவில்லை, அவர்கள்தான் அதிகத் தொந்தரவுகளைச் சொன்னார்கள். 2019இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஜான் லெடி குழு, விளையாட்டில் அடிபட்ட பதின்வயதினருக்கு அடிபட்ட பத்து நாளுக்குள்ளேயே அறிகுறி கூடாத அளவுக்கு நடை, சைக்கிள் என்று உடற்பயிற்சி கொடுத்தது. அவர்கள் தேற 13 நாள், உடலை இழுத்து நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 17 நாள். பெரிய அற்புதம் இல்லை. ஆனால் நடந்தால் மூளை கெடும் என்ற பயம் போவதற்கு இந்த ஒரு ஆய்வு போதும். இப்போதைய அறிவுரை முதல் 24 முதல் 48 மணி நேரம் மட்டும் மிதமான ஓய்வு, அப்புறம் படிப்படியாக நடமாட்டம்.

தேனி ராஜா

கேட்டேன் அக்கா. தினமும் போடுகிறாராம். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. இன்றைக்கே நிறுத்தச் சொல்லிவிடலாமா?

பிசியோ செல்வி

நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள் அண்ணா. எந்த மாத்திரை என்பதைப் பொறுத்து நிறுத்தும் முறை மாறும். சிலவற்றைச் சட்டென்று விடலாம், சிலவற்றைக் குறைத்துக் குறைத்துத்தான் விட வேண்டும். முதல் சில நாட்கள் தலைவலி இன்னும் கூடும், அதைத் தாங்க வேறு ஏற்பாடு தேவைப்படும். அட்டையோடு நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அதற்கு முன்னால் தினமும் எத்தனை மணிக்கு வலி, எவ்வளவு நேரம், என்ன மாத்திரை, எவ்வளவு தூக்கம் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

இரவுப் பணி

தலைக்காயப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். எல்லோரும் 75ஐப் பற்றியே பேசுகிறீர்கள். நான் 32ஐப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் என் நோயாளிகள் அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள்.

வென்டிலேட்டரில் இருப்பவர் வலி என்று சொல்லப் போவதில்லை. மூச்சுக்குழாயில் சளி உறிஞ்சும்போது முகம் சுளிக்கும், நாடித்துடிப்பு ஏறும், கை விறைக்கும். இது வலியா, வெறும் அனிச்சைச் செயலா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டும். இதற்கென்றே பெல்ஜியத்தின் லியேஜில் கரோலின் ஷ்னாக்கர்ஸ் குழுவினர் 2010இல் ஒரு அளவுகோல் உருவாக்கினார்கள். கைகால் அசைவு, குரல், முகபாவம் முதலியவற்றைப் பார்த்து மதிப்பெண் போடும் முறை. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2008இல், அதே ஊரில் மெலனி போலி குழு, மூளையின் எந்தப் பகுதி இயங்குகிறது என்று காட்டும் பெட் (PET) ஸ்கேனில் பார்த்திருந்தது. நினைவு மிகக் குறைவாக, ஆனால் கொஞ்சமாவது இருக்கும் நோயாளிகளுக்கு வலி கொடுத்தபோது, நலமாக இருப்பவர்களுக்கு எந்தப் பகுதிகள் இயங்கினவோ ஏறக்குறைய அதே பகுதிகள் இயங்கின.

உலக வலி ஆய்வுச் சங்கம் 2020இல் வலியின் வரையறையைத் திருத்தியபோது, வலியை வெளிப்படுத்த முடியாததால் ஒருவருக்கு வலி இல்லை என்று ஆகிவிடாது என்பதையும் குறிப்பில் சொன்னது. கணியன் ஐயா முதலில் சொன்னது இதைத்தான். அவர் அதைக் கணக்கில் உள்ள ஓட்டையாகச் சொன்னார். எங்களுக்கு அது படுக்கையில் கிடக்கும் மனிதர். மயக்க மருந்தும் வலி மருந்தும் அதிகம் கொடுத்தால் நினைவு திரும்புகிறதா என்று பார்ப்பது கஷ்டம், குறைத்தால் அவர் துடிக்கிறார். இரண்டுக்கும் நடுவில்தான் ஒவ்வொரு இரவும் போகிறது. கண் விழித்த பிறகும் பலருக்குத் தோள், இடுப்பு என்று கவனிக்காமல் விட்ட எலும்பு முறிவுகள் தெரியவருவது உண்டு. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாததால் மாசக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் இருந்தவை.

கணியன்

இதை எழுதியதற்கு நன்றி அம்மா. நான் எண்ணாக மட்டும் பார்த்த இடம் அது.

மாணவத் தம்பிக்கு ஒரு கேள்வி. வலியை அடக்கும் பாதைதான் பழுது என்றால் அதைச் சரிசெய்யும் மருந்து இத்தனை வருஷத்தில் வந்திருக்க வேண்டாமா?

நரம்பியல் மாணவன்

வரவில்லை சார். இந்தத் துறையில் மருந்துச் சோதனைகளின் வரலாறே வேதனையானது. 2004இல் கிராஷ் என்ற பெரிய ஆய்வில், தலைக்காயத்துக்கு வழக்கமாகக் கொடுத்துவந்த ஸ்டீராய்டு மரணத்தைக் கூட்டியது தெரிந்தது. 10,008 பேரோடு நிறுத்திவிட்டார்கள். விலங்குகளில் நன்றாக வேலை செய்த புரொஜெஸ்டிரோன் 2014இல் மனிதரில் பலன் தரவில்லை. அவை உயிர் காக்கும் மருந்துக்கான சோதனைகள். தலைவலிக்கு என்று நடந்தவை மிகவும் குறைவு.

இப்போது கவனம் சிஜிஆர்பி என்ற புரதக்கூறின் மேல் இருக்கிறது. மைக்ரேனில் ட்ரைஜெமினல் முனைகளிலிருந்து வெளிவருவது அது. 2020இல் கோபன்ஹேகனில், காயத்துக்குப் பின் நீடித்த தலைவலி உள்ளவர்களுக்கு அதை ஊசியில் செலுத்தியபோது பெரும்பாலோருக்கு மைக்ரேன் போன்ற வலி கிளம்பியது. அதைத் தடுக்கும் எரெனுமாப் மருந்தைக் கொடுத்தபோது பலருக்கு வலி நாட்கள் குறைந்தன. ஆனால் அந்தச் சோதனையில் ஒப்பிட வெற்று மருந்து, அதாவது மருந்தே இல்லாத போலி ஊசி, வைக்கவில்லை. அதே வகையைச் சேர்ந்த இன்னொரு மருந்தான ஃப்ரெமனெசுமாபை வெற்று மருந்தோடு ஒப்பிட்டபோது மேலாகத் தெரியவில்லை.

ஏன் என்பதற்கு என் பதில் நீங்கள் சொன்னதுதான் சார். ஒரே பெட்டி. ஒருவருக்குக் கழுத்து, ஒருவருக்கு மூளையுறை, ஒருவருக்கு அடக்கும் பாதை, ஒருவருக்கு மாத்திரை. நால்வருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துச் சராசரி எடுத்தால் பலன் கரைந்துவிடும். 2025இல் லான்செட் நியூராலஜியில் தலைக்காயத்தைப் பிரிக்கப் புதிய முறை ஒன்றை முன்வைத்திருக்கிறார்கள். கிளாஸ்கோ மதிப்பெண்ணோடு ரத்தப் புரதம், ஸ்கேன், அந்த மனிதரின் பின்னணி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது. வலியையும் அப்படிப் பிரித்துவிட்டுத்தான் மருந்தைச் சோதிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கணியன்

அப்படியானால் நமக்குள் வித்தியாசம் குறைந்துவிட்டது. அடக்கும் பாதை பழுதானவர்களின் பங்கு எவ்வளவு என்பதில் மட்டும் நான் இன்னும் எச்சரிக்கையாக இருக்கிறேன். நாள்பட்ட வலி எதுவானாலும், தலையில் அடியே படாதவருக்கும், அந்தக் குளிர்நீர்ச் சோதனையில் அமுக்கும் திறன் குறைந்து காணப்படுவது உண்டு. காரணமா விளைவா என்று தெரிய, அடிபட்ட முதல் நாளிலிருந்தே ஆட்களைப் பின்தொடர வேண்டும்.

தேனி ராஜா

மைத்துனரை அடுத்த வாரம் கூட்டிப்போகிறேன். நோட்டு போட்டாகிவிட்டது. போவதற்கு முன் நாங்கள் கவனிக்க வேண்டியது வேறு ஏதாவது இருக்கிறதா?

பிசியோ செல்வி

தலைவலி நாளுக்கு நாள் கூடினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, ஒரு பக்கம் பலம் குறைவது, பேச்சுக் குழறுவது, எழுப்பினாலும் தூங்கி வழிவது என்று எது வந்தாலும் அடுத்த வாரம் வரை காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். வயதானவர்களுக்கும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கும், அடிபட்டுச் சில வாரம் கழித்துக்கூட மூளையுறைக்குக் கீழே ரத்தம் மெதுவாகச் சேரலாம். முதல் நாள் எடுத்த சிடியில் அது தெரியாமல் இருந்திருக்கலாம். உங்கள் வீட்டில் அப்படி யாராவது கீழே விழுந்தால் இதை நினைவில் வையுங்கள்.

மைத்துனரோடு அவரைக் குறை சொல்பவர்களில் ஒருவரையும் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள் அண்ணா. நீங்கள் சொன்னால் கேட்காதவர் மருத்துவர் சொன்னால் கேட்பார்.